தண்டுவடக் காயம்: 24 மணி நேரத்துக்குள் அறுவையா, பொறுத்தா?

கழுத்து முள்ளெலும்பு நொறுங்கி உள்ளே தள்ளினால் தண்டுவடம் நசுங்குகிறது. அது முதல் அடி. அப்புறம் வீக்கமும் ரத்த ஓட்டக் குறைவும் மிச்சமிருக்கும் நரம்புகளை மணிக்கணக்கில் அழிக்கின்றன. அந்த அழுத்தத்தைச் சீக்கிரம் எடுக்க வேண்டும் என்பதே 24 மணி நேரத்துக்குள் அறுவை செய்யச் சொல்பவர்களின் வாதம். 2012-இல் வெளியான ஸ்டாஸ்சிஸ் ஆய்வில், கழுத்துக் காயத்துக்கு அப்படிச் சீக்கிரம் அறுவை செய்யப்பட்டவர்களில் 19.8% பேர் ஆறு மாதத்தில் உணர்வும் அசைவும் எவ்வளவு மிஞ்சியிருக்கின்றன என்று அளக்கும் அளவுகோலில் இரண்டு படிநிலையாவது தேறினார்கள், தாமதமானவர்களில் 8.8%. நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரிக்காதது அதன் குறை.

பொறுப்பதிலும் நியாயம் உண்டு. ரத்த அழுத்தம் சரிந்து, நுரையீரலும் அடிபட்டவருக்கு மயக்க மருந்தே ஆபத்து. ஆனால் ஸ்கேனுக்கும் படுக்கைக்கும் காத்திருந்தே மணி நேரங்கள் போவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு படிநிலை என்பது, கரண்டியைத் தானே பிடிக்கும் விரல்களாக இருக்கலாம்.