நாலு மாரி கண்ட ஸ்லோ குக்கர்

2021 மார்கழியில் லண்டனிலிருந்து வந்த மச்சாள், சூட்கேசில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டு ஒரு ஸ்லோ குக்கரைக் கொண்டுவந்தார். காலையில் போட்டுவிட்டுப் போனால் மெல்லிய சூட்டில் தானாக வேகவைக்கிற மின்பானை அது. நான் காலை ஆறே முக்காலுக்கு வீட்டை விட்டு வெளிக்கிட்டால் திரும்ப மூன்று மணியாகும். பிள்ளைகள் அதற்கு முன்னரே வந்து பசியில் நிற்பார்கள். அதைப் பார்த்துத்தான் வாங்கியிருக்கிறார். பெட்டியைப் பிரித்ததும் மாமி சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பானைக்கு ஏன் வயர் பூட்டியிருக்கு?" என்று கேட்டார். அதைவிடச் சரியாக அந்தச் சாமானை நான் இன்றுவரை விளக்கியதில்லை.

மூன்றரை லீற்றர் கொள்ளும். உள்ளே கழற்றி எடுக்கக்கூடிய கனமான பீங்கான் பானை, மேலே கண்ணாடி மூடி, முன்னால் ஒரு திருகி. லோ, ஹை, வார்ம், அவ்வளவுதான். அடியில் 210 வொட் என்று எழுதியிருக்கிறது. எட்டு மணித்தியாலம் முழு வேகத்தில் ஓடினாலும் 1.7 யூனிற் அளவுதான், லோவில் அதைவிடக் குறைவு. லோவுக்கும் ஹைக்கும் கடைசியில் பெரிய சூட்டு வித்தியாசம் இல்லை. ஹை அந்தச் சூட்டுக்குச் சீக்கிரம் போய்ச் சேரும், லோ ஆறுதலாகப் போகும்.

இதில் கேக் செய்யலாம், கோழி அவிக்கலாம் என்றெல்லாம் இணையத்தில் போடுகிறார்கள். நான் நாலு மாரியாக இதில் செய்வதில் முக்கால்வாசி ஒரே சாப்பாடு: கௌப்பி (தட்டைப்பயறு) சூப். ஐப்பசி தொடங்கி தை வரைக்கும் கிளிநொச்சியில் மழை விடாமல் பெய்யும் நாட்களில் கிழமைக்கு இரண்டு தரம். தடிப்பாக, அகப்பையில் அள்ளினால் ஒழுகாமல் நிற்கிற மாதிரி. பாணோ றொட்டியோ இருந்தால் அன்றைக்கு இராச் சாப்பாடு முடிந்தது.

அவரை இனங்களுக்கும் இந்தச் சாமானுக்கும் பிறப்பிலேயே தொடர்பு இருக்கிறது. அமெரிக்காவில் இர்விங் நேக்சன் என்பவர் 1940இல் காப்புரிமை பெற்ற மின்பானைதான் இதற்கு மூதாதை. 'நேக்சன் பீனரி' என்று பெயரிலேயே பீன்ஸ். அவருடைய தாய் லித்துவேனியாவில் இருந்த காலத்தில், வெள்ளிக்கிழமை பொழுதுபட முன்னர் பீன்ஸும் இறைச்சியும் போட்ட பானையை ஊர் பேக்கரிக்குக் கொண்டுபோய், தணிந்துகொண்டிருக்கும் போறணைக்குள் விடியும்வரை வைத்துவிடுவார்களாம். யூதர்களான அவர்களுக்குச் சனிக்கிழமை நெருப்பு மூட்டக்கூடாத ஓய்வுநாள். தாய் சொன்ன அந்தக் கதைதான் அவருக்கு யோசனை கொடுத்தது. 1970இல் ரைவல் நிறுவனம் அவருடைய கொம்பனியை வாங்கி, அடுத்த வருடம் க்ரொக்-பொட் என்று பெயர் மாற்றி விற்றது. இதை வாசித்தபோது எனக்கு ஒட்டுசுட்டானில் அம்மம்மாவின் குசினிதான் ஞாபகம் வந்தது. பாலை விறகு எரிந்து தணலான பிறகு சாம்பலை இழுத்து மூடி, அதற்கு மேல் சட்டியை வைத்துவிட்டுப் படுத்துவிடுவார். ஒரே யோசனைதான், இங்கே காப்புரிமை எடுக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

சரி, இனி நான் வாங்கிக்கட்டிய கதை. மச்சாள் குக்கரோடு ஒரு பக்கெற் சிவப்பு கிட்னி பீன்ஸும் கொண்டுவந்திருந்தார். இந்தியாவில் ராஜ்மா என்பார்களே, அது. முதல் சமையல் அதிலேயே இருக்கட்டும் என்று இரவு ஊறப்போட்டு, காலையில் தண்ணீரை வடித்து, ஆட்டெலும்பும் மரக்கறியும் சேர்த்து லோவில் போட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். ஒன்பது மணித்தியாலம் கழித்துப் பார்த்தால் வாசம் தூக்கியது. பீன்ஸ் மட்டும் கொஞ்சம் விறைப்பாக இருந்தது. பரவாயில்லை, பல்லுக்கு நல்லது என்று சாப்பிட்டோம். இரண்டு மணித்தியாலத்தில் இவர் சத்தியெடுக்கத் தொடங்கினார். பிறகு மகன், பிறகு நான். கிணற்றடிக்கும் வீட்டுக்கும் வரிசையாக நடந்தோம். மாமிக்கு ஒன்றும் இல்லை, ஏனென்றால் அன்று வெள்ளிக்கிழமை, அவர் மச்சம் தொடவில்லை. "வெள்ளிக்கிழமை மச்சம் சமைச்சா இப்பிடித்தான் வரும்" என்று தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே சொன்னார். மறுத்துப் பேசுகிற நிலையில் நான் இல்லை.

நடுச்சாமத்துக்குள் எல்லோருக்கும் நின்றுவிட்டது. அடுத்த நாள் மச்சாளிடம் சொன்னேன். "பக்கெற்றின்ர பின்பக்கம் வாசிக்கேல்லையோ நீர்?" என்று கேட்டார். வாசிக்கவில்லை. பத்து நிமிடம் கொதிக்க வைக்க வேண்டும் என்று அதில் தெளிவாகப் போட்டிருந்தது.

சிவப்பு கிட்னி பீன்ஸில் பைட்டோஹீமக்ளூட்டினின் என்ற நச்சுப் புரதம் இருக்கிறது. வேகாத பீன்ஸ் நாலைந்து உள்ளே போனாலே போதும், ஒன்று முதல் மூன்று மணித்தியாலத்துக்குள் வயிற்றைப் புரட்டும். நன்றாகக் கொதித்தால் அது செயலிழந்துவிடும். ஸ்லோ குக்கரில் நடப்பது வேறு. லோவில் வைத்தால் உள்ளே இருப்பது கொதிநிலைக்குப் போகாமலே பல மணித்தியாலம் கிடக்கலாம். 80 பாகை அளவில் நின்றுவிட்டால் நஞ்சு குறையாது, வேகவைக்காத பீன்ஸில் இருப்பதைவிடப் பலமடங்கு கூடியும் விடுமாம். அதாவது மெதுவாகச் சமைப்பதுதான் இங்கே ஆபத்து. குறைந்தது ஐந்து மணித்தியாலம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு, புதுத் தண்ணீரில் அடுப்பில் வைத்துக் குமிழி விட்டுக் கொதிக்கப் பத்து நிமிடம். அமெரிக்க உணவுத் துறையினர் அரை மணித்தியாலம் என்கிறார்கள். நான் பட்ட பாட்டுக்கு அரை மணித்தியாலமே வைக்கிறேன். ரின்னில் வருவது ஏற்கெனவே வேகவைத்தது, பயமில்லை.

அதன் பிறகு நான் கௌப்பிக்கு மாறியதற்கு அந்தப் பயம் பாதி காரணம். கௌப்பியில் இந்த நஞ்சுத் தொல்லை அவ்வளவாக இல்லை. மற்றப் பாதி, கௌப்பி சந்தையில் எப்போதும் கிடைக்கும், ருசியும் எங்கள் நாக்குக்குப் பழகியது. என்றாலும் கௌப்பியையும் பத்து நிமிடம் கொதிக்க வைத்துத்தான் பானையில் போடுகிறேன். பழக்கமாகிவிட்டது.

கௌப்பிக்கு மாறியும் ஒரு வில்லங்கம் விடவில்லை. எத்தனை மணித்தியாலம் வைத்தாலும் தோல் உரியாமல், நடுவில் ஒரு சுண்ணாம்புத்தன்மையோடு நின்றது. குக்கரைத்தான் சந்தேகப்பட்டேன். பிறகுதான் கேத்தலுக்குள் பார்த்தேன், அடியில் வெள்ளை வெள்ளையாகப் படிவு. எங்கள் கிணற்றுத் தண்ணீர் நல்ல கடினநீர். அதிலுள்ள கல்சியமும் மக்னீசியமும் பருப்பின் தோலிலும் உள்ளேயும் இருக்கிற பெக்ரின் என்ற ஒட்டுப்பொருளை இறுக்கிப் பிடித்துவிடும். பெரிய நெருப்பில் பிரெஷர் குக்கரில் இது தெரியாது, அடித்து நொறுக்கிவிடும். மெதுவான சூட்டில்தான் காட்டிக்கொடுக்கும். இப்போது சூப்புக்கு மட்டும் கடையில் வாங்கும் பில்டர் தண்ணீர், மாரியில் மழைத்தண்ணீர். ஊறப்போடும் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி உப்பு. உப்புப் போட்டால் வேகாது என்று சின்ன வயதில் கேட்டு வளர்ந்தோம். ஊறும் தண்ணீரில் போட்டால் நேர்மாறாக நடக்கிறது, சோடியம் போய்க் கல்சியத்தின் இடத்தைப் பிடித்துத் தோலை இளக்குகிறது. அப்பச்சோடாவும் போட்டுப் பார்த்தேன். வெந்தது, ஆனால் சவர்க்கார வாசம் லேசாக அடித்தது. விட்டுவிட்டேன். பழைய கௌப்பி என்றால் இவ்வளவும் செய்தும் பிரயோசனமில்லை. கடைக்காரரிடம் இந்தப் போகமா போன போகமா என்று கேட்டு வாங்குவது நல்லது.

எங்கள் வீட்டுக் கணக்கு இது. ஒன்றரைக் கப் கௌப்பி இரவில் ஊறும். காலையில் ஒரு பக்கம் அது கொதிக்க, மறுபக்கம் வெங்காயம், எட்டுப் பத்துப் பல் உள்ளி, எலும்பு ஆகியவற்றை நல்லெண்ணெயில் சிவக்க வதக்குவேன். வதக்காமல் போட்டால் சாம்பல் நிறத்தில் ஆஸ்பத்திரிச் சூப் மாதிரி வரும். பானையில் அடியில் கரட்டும் உருளைக்கிழங்கும், ஏனென்றால் கிழங்கு வகைகள்தான் இறைச்சியைவிட ஆறுதலாக வேகும். மேலே கௌப்பி, எலும்பு, லீக்ஸ், மஞ்சள், இடித்த மிளகு, சின்னச்சீரகம். சுடுதண்ணீர் எல்லாம் மூடுகிற அளவுக்கு மட்டும். அடுப்பில் போல ஆவியாகி வற்றாது, ஊற்றியது ஊற்றியபடியே இருக்கும். முதல் மாதம் நான் வைத்ததெல்லாம் கௌப்பி மிதக்கிற இரசம்தான். தக்காளி, பழப்புளி எதையும் தொடக்கத்தில் போடுவதில்லை, புளிப்பும் பருப்பை விறைக்க வைக்கும். லோவில் எட்டு மணித்தியாலம். பின்னேரம் வந்து ஒரு அகப்பை கௌப்பியை மசித்துக் கலக்கி, தக்காளியும் ஒரு பிடி முருங்கையிலையும் போட்டு ஹையில் அரை மணித்தியாலம். தேங்காய்ப்பால் விடுவதென்றால் அப்போதுதான், காலையிலே விட்டால் திரைந்து போகும். கடைசியாகக் கறிவேப்பிலை, செத்தல் மிளகாய், பெருஞ்சீரகத்தில் ஒரு தாளிதம். எட்டு மணித்தியாலத்தில் வாசமெல்லாம் மங்கிப்போயிருக்கும், தாளிதம்தான் எழுப்பும். இறக்கிவிட்டுத் தேசிக்காய்.

மூடியைத் திறந்து பார்க்கிற ஆசை இருப்பவர்களுக்கு இது சரிவராது. ஒரு தரம் திறந்தால் இழந்த சூட்டைப் பிடிக்க இருபது, முப்பது நிமிடமாகும். மாமி முதல் வருடம் முழுக்க மணித்தியாலத்துக்கு ஒரு தரம் திறந்து கிளறினார். நெருப்பில்லாமல் ஒன்று வேகும் என்று அவர் நம்பவேயில்லை. மரவள்ளியையும் போடச் சொல்லிக் கேட்டார், இஞ்சி சேராமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார். மரவள்ளியை மூடாமல் அவிப்பதுதான் முறை, அதிலுள்ள நஞ்சு ஆவியோடு போக வேண்டும். இதுவோ மூடியே கிடக்கிற பானை. மாட்டேன் என்றுவிட்டேன்.

கரண்ட் விடயத்துக்கு வருவோம். குக்கர் வந்து மூன்று மாதத்தில் நாடே இருட்டானது. 2022 பங்குனி கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு, காஸும் இல்லை. குக்கர் அலுமாரிக்கு மேலே ஏறியது, நாங்கள் விறகுக்குத் திரும்பினோம். மாமி அந்த மாதங்களில் முகம் மலர்ந்து திரிந்தார் என்று சொன்னால் பொய்யில்லை. ஆனால் சோறு ஒரு பருக்கை மிஞ்சினாலும் தண்ணீர் ஊற்றி வைத்துவிடுவார். 2009ஐக் கடந்து வந்தவர்களுக்குத் தட்டுப்பாடு என்றால் வேறு கணக்கு.

இப்போது அவ்வளவு மோசமில்லை, ஆனாலும் காற்று மழைக்குக் கரண்ட் போகும். என்னுடையது திருகி உள்ள பழைய வகை, கரண்ட் வந்ததும் தானாகத் தொடரும். அதுதான் வசதி, அதுதான் ஆபத்தும். எவ்வளவு நேரம் இளஞ்சூட்டில் கிடந்தது என்று பின்னேரம் வருகிறவருக்குத் தெரியாது. இளஞ்சூடு கிருமிக்குத் தோதான சூடு. அதனால் பக்கத்துப் பிளக்கில், கரண்ட் போய் வந்தால் பன்னிரண்டு மணி என்று மினுக்குகிற பழைய ரேடியோ மணிக்கூட்டை மாட்டி வைத்திருக்கிறேன். மினுக்கினால், வீட்டில் இருந்த மாமியிடம் எவ்வளவு நேரம் என்று கேட்பேன். கொஞ்ச நேரம் என்றால் அடுப்பில் ஏற்றிக் கொதிக்க விடுவேன். இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் என்றால் கொட்டிவிடுவேன். கொட்டுவதை மாமி காணாமல் செய்ய வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்க நினைப்பவர்களுக்கு ஒரு சொல். பிரித்தானியாவில் வாங்கியது எங்கள் 230 வோல்ற்றுக்கு அப்படியே ஓடும், பழைய வீடுகளில் வட்டத் துளைப் பிளக் என்றால் ஒரு அடாப்டர் போதும். கனடாவில் வாங்குவது 120 வோல்ற். அதை நேரே மாட்டினால் புகைதான் வரும், நல்ல ட்ரான்ஸ்ஃபோமர் வேண்டும். அந்தக் காசுக்கு இங்கேயே ஒன்று வாங்கிவிடலாம்.

நாலு வருடத்தில் பழுது என்று வந்தது ஒன்றுதான். சூடாக இருந்த பானையில் பச்சைத்தண்ணீர் ஊற்றினேன், விளிம்பில் ஒரு மயிர்க்கோடு விழுந்தது. ஒழுகவில்லை, ஆனால் மாற்றுப் பானை இங்கே கிடைக்காததால் அன்றிலிருந்து குழந்தையைப் போலக் கழுவுகிறேன். திருகியில் இருந்த எழுத்துகள் எல்லாம் அழிந்துவிட்டன. லோ இருந்த இடத்தில் மாமி என்னுடைய ஒட்டுப்பொட்டு ஒன்றை எடுத்து ஒட்டி வைத்திருக்கிறார்.