முயலுக்கு தாடைல சீழ் கட்டி: இந்த கிளினிக்கு போலாமா?

போலாம். 5க்கு 4 குடுப்பேன்.

எங்க பஞ்சுவுக்கு கீழ்த்தாடைல கெட்டியா ஒரு வீக்கம். முதல்ல காட்டுன இடத்துல கீறி பிதுக்கி அனுப்பிட்டாங்க, கொஞ்ச நாள்ல அதே எடத்துல திரும்ப வந்துருச்சு. அதுக்கப்புறம்தான் முயல் பாக்குற இந்த டாக்டர்கிட்ட வந்தோம்.

இவங்க கட்டிய தொடுறதுக்கு முன்னாடி வாயத் தொறந்து கடவாப்பல்ல பாத்தாங்க, அடுத்து தலைக்கு எக்ஸ்ரே. முயலுக்கு பல்லு ஆயுசுக்கும் வளந்துகிட்டே இருக்கும்ல, வேர்ல கோளாறு வந்தா தாடை எலும்பு வரைக்கும் சீழ் புடிச்சிடுமாம், அந்த பல்ல விட்டுட்டு கட்டிய மட்டும் எடுத்தா வேஸ்ட்டுன்னு படத்துலயே காமிச்சாங்க. முயலோட சீழ் டூத்பேஸ்ட் மாதிரி கெட்டி, தானா வடியாது, சுத்தி தடிப்பா ஒரு உறை வேற இருக்கறதால மருந்தும் உள்ள சரியா எறங்காது. அதனால பல்ல புடுங்கி, உறைய முடிஞ்ச வரைக்கும் எடுத்துட்டு, புண்ண மூடாம ஓரத்த மட்டும் தச்சு தொறந்தே விட்டாங்க. பாத்தா பகீர்னு இருக்கும். ஆனா அடியிலருந்து சதை வளந்து மூடணும்னா அப்படித்தான் விடணும்.

ஆபரேஷனுக்கு முன்னாடி பட்டினி போடச் சொல்லல பாருங்க, அங்கயே எனக்கு நம்பிக்கை வந்துருச்சு. முயலால வாந்தி எடுக்க முடியாது, சாப்பிடாம இருந்தா குடல்தான் நின்னு போகும். அமாக்சிசிலின், கிளின்டாமைசின் எல்லாம் வாய் வழியா குடுத்தா குடல்ல இருக்க நல்ல பாக்டீரியா செத்து உயிருக்கே ஆபத்து, அதனால பென்சிலின தோலுக்கு அடில ஊசியா போட்டாங்க. யாராச்சும் முயலுக்கு அமாக்சிசிலின் சிரப் எழுதுனா சீட்ட வாங்காம கெளம்பிடுங்க. உறைல ஒரு துண்ட, என்ன கிருமி, எந்த மருந்து கேக்கும்னு பாக்குற கல்ச்சர் டெஸ்ட்டுக்கு அனுப்பி, ரிசல்ட் வந்ததும் மருந்தயும் மாத்துனாங்க.

குறைன்னா டிஸ்சார்ஜ் அன்னிக்கு. புண்ணு கழுவுறத அவசர அவசரமா காமிச்சு அனுப்பிட்டாங்க. வீட்ல ஊசி இல்லாத சிரிஞ்சுல சலைன் விட்டா வெள்ளை வெள்ளையா துணுக்கு வருது, இது நார்மலான்னு கேக்க போன் போட்டா ரிசெப்ஷன்ல எடுக்கவே மாட்டேங்குறாங்க. டாக்டர் அப்புறம் அவங்களே கூப்ட்டு, ஆரம்பத்துல வரும், நாளுக்கு நாள் கொறையணும், நாத்தம் வந்தா இல்ல தீனி நிறுத்துனா உடனே கொண்டு வாங்கன்னு சொன்னாங்க. தாடை கட்டி திரும்பவும் வரலாம்னு முன்னாடியே ஒளிக்காம சொல்லிட்டாங்க.

இப்போ புண்ணு முக்கால்வாசி மூடிருச்சு, காஞ்ச புல்லு தானா மெல்லுறான். போறவங்க கூண்டு மேல துணி போட்டு எடுத்துட்டு போங்க, நாயும் அதே ஹால்லதான் உக்காந்திருக்கும்.