105, 91, 25, 24: எந்த எண் பெரியது?

ஃபார்முலா 1 கார் பந்தய வெற்றிப் பட்டியலின் உச்சியில் லூயிஸ் ஹாமில்டன் இருக்கிறார், 2024 முடிவு வரை 105 வெற்றிகள். அடுத்தவர் மைக்கேல் ஷூமாக்கர், 91. ஜிம் கிளார்க்கைப் பார்க்க வெகு கீழே இறங்க வேண்டும், 25. ஹுவான் மானுவல் ஃபான்ஹியோவுக்கு அதிலும் ஒன்று குறைவு. ஆனால் 1950-இல் ஒரு சீசனுக்கு 7 பந்தயங்கள்தான், 2024-இல் 24. ஃபான்ஹியோ தன் வாழ்நாள் முழுவதும் ஓட்டிய 51 பந்தயங்களை இன்றைய ஓட்டுநர் இரண்டு சீசனுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் முடித்துவிடுவார். அதனால் எண்ணிக்கையை மட்டும் வைத்து இவர்களை ஒப்பிடுவதை நான் ஏற்கமாட்டேன்.

சரி, விகிதம் போட்டுப் பார்ப்போம். ஃபான்ஹியோ 51-க்கு 24, அதாவது 47 சதவீதம். கிளார்க் 72-க்கு 25, கிட்டத்தட்ட 35. ஷூமாக்கர் 306-க்கு 91; ஹாமில்டன் 2024 முடிவு வரை 356-க்கு 105. இருவருமே 30-ஐ ஒட்டி நிற்கிறார்கள், வித்தியாசம் இல்லையென்றே சொல்லலாம்.

ஆனால் விகிதமும் முழு நியாயம் செய்வதில்லை. ஷூமாக்கர் 2006-இல் ஓய்வு பெற்றபோது 248-க்கு 91, ஏறக்குறைய 37 சதவீதம். மெர்சிடிஸ் அணிக்காக 2010-இல் திரும்பி வந்து மூன்று ஆண்டுகளில் 58 பந்தயங்கள் ஓட்டினார், ஒன்றுகூட ஜெயிக்கவில்லை. ஹாமில்டன் கதையும் அதேதான். 2021 முடிவில் 288-க்கு 103. அப்புறம் 2024 ஜூலையில் இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனில் ஜெயிக்கும்வரை இரண்டரை ஆண்டு வறட்சி. ஓட்ட ஆசைப்பட்டு ஓட்டியவரை அதற்காகக் கீழே இறக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இந்த இருவரில் யார்? வெற்றிகளைப் பிரித்துப் பார்த்தால் நான் ஹாமில்டன் பக்கம் சாய்வேன். ஷூமாக்கரின் 91-இல் 2002 ஆஸ்திரியா பந்தயமும் ஒன்று. முன்னால் போய்க்கொண்டிருந்த சக ஓட்டுநர் பாரிச்செல்லோ, அணியின் உத்தரவுப்படி கடைசி நேரத்தில் வேகத்தைக் குறைத்து வழிவிட்டார். 2005-இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் நடந்த பந்தயமும் அதில் ஒன்று. மிஷலின் டயர் பிரச்சினையால் 14 கார்கள் விலகிக்கொள்ள, ஓடியவை ஆறே கார்கள். நம் நரேன் கார்த்திகேயன் நான்காவதாக வந்தது அன்றுதான். ஹாமில்டனுக்கும் ஓசி வெற்றி உண்டு: 2024 பெல்ஜியத்தில் முதலில் வந்த ரஸ்ஸலின் கார் ஒன்றரை கிலோ எடை குறைவு என்று தகுதி நீக்கப்பட, 105-ஆவது வெற்றி இவர் கைக்கு வந்தது. ஆனால் 2020 சில்வர்ஸ்டோனின் கடைசிச் சுற்றில் முன் இடது டயர் கிழிந்து தொங்க, மூன்று சக்கரங்களை நம்பி ஓட்டி வந்து ஜெயித்தவரும் இவரே. 2021 பிரேசிலில் ஸ்பிரிண்ட் எனப்படும் முந்தைய நாள் குறும்பந்தயத்தைக் கடைசி இடத்தில் தொடங்கி, மறுநாள் பந்தயத்தைப் பத்தாவது இடத்திலிருந்து தொடங்கி ஜெயித்தார்.

விகிதத்தில் மேலே இருக்கும் ஃபான்ஹியோவுக்கு வருவோம். நான்கு வெவ்வேறு அணிகளோடு ஐந்து உலகப் பட்டங்கள். 1957-இல் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கில், 46 வயதில், பிட்டில் (பந்தயத்தின் நடுவே காரைச் சரிபார்க்கும் இடத்தில்) நின்று இழந்த நேரத்தை மீட்டு, முன்னால் போன இரண்டு ஃபெராரிகளையும் பிடித்தது அவருடைய கடைசி வெற்றி. ஆனால் அவருடைய 24-இல் இரண்டு வெற்றிகள் வேறொருவர் தொடங்கிய காரில் வந்தவை. அந்தக் காலத்து விதி அப்படி: உன் கார் மக்கர் செய்தால் சக ஓட்டுநரின் காரை வாங்கிக்கொள்ளலாம், வெற்றி இருவர் பெயரிலும் ஏறும். 1951-இல் ஃபிரான்ஸில் சக ஓட்டுநர் ஃபாஜியோலியை இறக்கிவிட்டுத்தான் ஃபான்ஹியோ ஜெயித்தார். ஃபாஜியோலி கோபத்தில் ஃபார்முலா 1-ஐயே விட்டுப் போனார்.

கிளார்க்குக்கு அந்த வசதி இருந்ததில்லை. கார் நின்றால் அன்றைய கதை முடிந்தது. அவர் ஓட்டிய லோட்டஸ் கார்கள் எவ்வளவு வேகமோ அவ்வளவு எளிதில் உடைபவை. 1962-இலும் 1964-இலும் சீசனின் கடைசிப் பந்தயத்தில் முன்னணியில் இருந்தபோது இன்ஜின் கோளாறு வந்து பட்டமே போனது. எனக்கு மிகவும் பிடித்த புள்ளிவிவரம் ஒன்று உண்டு: 72 பந்தயங்களில் கிளார்க் இரண்டாவதாக வந்தது ஒரே ஒரு முறை. கார் தாங்கினால் பெரும்பாலும் அவர்தான் முதலில். அதனால்தான் ஃபான்ஹியோவின் 47 சதவீதம் கண்முன் இருந்தும் நான் கிளார்க்கை முதலில் வைக்கிறேன்.

1967-இல் இத்தாலியின் மோன்ஸாவில் நடந்த பந்தயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பந்தயத்தின் தொடக்கத்திலேயே டயர் பஞ்சர். பிட்டுக்குப் போய் மாற்றிவிட்டு வெளியே வந்தபோது ஒரு முழுச் சுற்று பின்தங்கியிருந்தார். ஒவ்வொருவராகத் தாண்டி, இழந்த சுற்றையும் மீட்டு, மீண்டும் முதலிடத்துக்கே வந்துவிட்டார். கடைசிச் சுற்றில் பெட்ரோல் சரியாக ஏறாமல் கார் திக்கித் திணறியது. சர்டீஸும் பிராபமும் அவரைக் கடந்து போனார்கள். கிளார்க் தட்டுத் தடுமாறிக் கோட்டைத் தொட்டார், மூன்றாவது இடம். 25-இல் அந்த நாள் இல்லை.