தனுஷ்கோடியா, கீழக்கரையா?

ராமநாதபுரத்துக்குக் கல்யாணத்துக்கு வரும் உறவினர்களுக்கு மறுநாள் ஒரு பகல்தான் மிஞ்சும். பெரும்பாலோர் தனுஷ்கோடிக்கு வண்டி பிடிக்கிறார்கள். 1964 டிசம்பர் புயல் விட்டுவைத்த தேவாலயச் சுவர்கள், இருபுறமும் கடல் நெருக்கும் சாலை, குடிசைக் கடையில் சுடச்சுடப் பொரித்த மீன்: இளையவர்களுக்கு அது போதும். ஆனால் நிழலே கிடையாது.

பெரியவர்கள் உடனிருந்தால் நான் கீழக்கரையைத்தான் சொல்வேன். அரை மணி நேரப் பயணம். தொழுகை நேரம் தவிர்த்து, அனுமதி கேட்டுப் பழைய ஜும்மா பள்ளிவாசலுக்குப் போங்கள். கல்தூண்கள் கோயில் மண்டபத்தை அப்படியே நினைவூட்டும். செதுக்கியவை மட்டும் பூவும் கொடியுமாக இருக்கும். திரும்பும்போது தொதல் வாங்காமல் வராதீர்கள். அரிசிமாவு, தேங்காய்ப்பால், கருப்பட்டி சேர்த்து எண்ணெய் பிரியும்வரை கிண்டிய கருத்த அல்வா அது. கல்யாண வீட்டு லட்டை விட எனக்கு அதுதான் உசத்தி.