வார்ஃபரினா, அபிக்சபானா?

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் எனும் தாறுமாறான இதயத்துடிப்பில் மேலறைக்குள் இரத்தம் தேங்கி உறையலாம். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். இதைத் தடுக்கத்தான், இரத்தம் எளிதில் உறையாமல் காக்கும் வார்ஃபரின், அபிக்சபான் மாத்திரைகள்.

வார்ஃபரின் மலிவு. ஆனால் இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனை தவறக் கூடாது. பெரும்பாலோருக்கு அது 2 முதல் 3-க்குள் நிற்க வேண்டும். நம் வீட்டு முருங்கைக்கீரையில், இரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே மிகுதி. ஒரு வாரம் அள்ளிச் சாப்பிட்டு மறுவாரம் விட்டால் ஐ.என்.ஆர். அளவு மாறிவிடும். கீரையை ஒதுக்க வேண்டாம், ஏறக்குறைய ஒரே அளவாகச் சாப்பிடுங்கள்.

அபிக்சபானுக்கு இந்தக் கவலை இல்லை. பரிசோதனைக்கென்று குளச்சலிலிருந்து நாகர்கோவிலுக்கு அடிக்கடி பஸ் ஏற முடியாத மீனவருக்கு இதுவே மேல் என்பேன். தினம் இருவேளை, தவறவிட்டால் பாதுகாப்பு விரைவில் குறையும்.

ருமாட்டிக் காய்ச்சலால் இதயத்தின் மைட்ரல் வால்வு சுருங்கியவர்களுக்கும் உலோக வால்வு பொருத்தியவர்களுக்கும் வார்ஃபரின்தான். துடிப்பு சீரானாலும், மருத்துவரைக் கேட்காமல் எதையும் நிறுத்தாதீர்கள்.