ஊர்ப் படம் எடுத்துத் தர்ற ஸ்டுடியோ: ஒரு வருஷம் முழுசா யூஸ் பண்ணிட்டு எழுதறேன்

கும்பகோணத்துல எங்களுக்கு பாத்திரக் கடை. தாத்தா காலத்துல பித்தளை, செம்பு, வெண்கலம் மட்டும், அப்பா காலத்துல எவர்சில்வர் சேந்துச்சு, இப்ப நானும் தம்பியும் பாத்துக்கறோம். போன வருஷம் சித்திரைலேந்து உள்ளூர் ஸ்டுடியோ ஒண்ணுகிட்ட மாசக் கணக்குல போட்டோ வேலை குடுத்திருக்கோம். நிறைய கடைக்காரங்க என்கிட்ட கேக்கறாங்க, அது எப்படி, காசுக்கு தகுந்த வேலையான்னு, அதான் மொத்தமா ஒரே தடவையா எழுதிடறேன். ஸ்டுடியோ பேரு போடல, நடுவுல ஒரு பெரிய குறையும் சொல்லப்போறேன், பேரப் போட்டு அத சொல்றது எனக்கு சரியா படல.

முதல்ல நான் கேட்டது வேற. குடம், தவலை, அண்டா, விளக்குன்னு ஒவ்வொண்ணா வெள்ளை பேக்ரவுண்டுல எடுத்துக் குடுங்க, வாட்ஸப் கேட்டலாக்ல போடணும்னுதான் போனேன். அத எடுத்தாங்க, அதுவும் நல்லாத்தான் எடுத்தாங்க. பித்தளைய படம் எடுக்கறது லேசு இல்ல, பளபளன்னு இருக்கறதால எடுக்கறவரு மூஞ்சி, கேமரா, எதிர்ல நிக்கற டூவீலர் வரைக்கும் குடத்துல தெரியும், கண்ணாடில தண்ணில வர்ற பளபளப்ப குறைக்க கேமராவுல ஒரு பில்டர் போடுவாங்கள்ல, அது உலோகத்துக்கு வேலை செய்யாதாம். இவங்க என்ன பண்ணாங்கன்னா நாலு முழ வெள்ளை வேட்டி ரெண்ட வாங்கி கூடாரம் மாதிரி கட்டி, உள்ள குடத்த வச்சு, வெளிச்சத்த வெளிலேந்து வேட்டி வழியா அடிச்சாங்க. குடம் அப்படியே புளி போட்டு தேய்ச்ச மாதிரி மெத்துன்னு ஜொலிச்சுது. அந்த படத்துக்கே குடுத்த காசு சரியாப் போச்சுன்னு நெனச்சேன்.

ஆனா அந்தப் படங்கள ஸ்டேட்டஸ்ல போட்டா யாரும் ஒண்ணும் சொல்லல. பாக்கறாங்க, தள்ளிட்டு போறாங்க, அவ்ளோதான். குடம் எல்லா கடையிலயும் இருக்கு.

அப்பதான் ஸ்டுடியோ தம்பி, "அண்ணே, மாசத்துக்கு ரெண்டு நாள் குடுங்க, கடைக்கு வெளில எடுக்கறேன், ஊர எடுக்கறேன், உங்க கடை பேர்ல போடுங்க"ன்னு சொன்னாரு. மாசம் 6,500 ரூபாய், ரெண்டு தடவை சுத்துவாரு, 40 படம் திருத்திக் குடுப்பாரு, அதோட படத்துல இருக்கறவங்களுக்கு 4க்கு 6 இன்ச் பிரிண்ட் 15 வரைக்கும் ப்ரீ. அந்த 15 பிரிண்ட்டோட மதிப்பு அன்னிக்கு எனக்கு தெரியல, இன்னிக்கு கேட்டா 40 படத்த விட்டுட்டு அந்த 15ஐ மட்டும் குடுங்கன்னு கூட சொல்லுவேன்.

முதல் சுத்து சாரங்கபாணி கோயில் சித்திரைத் தேர். தேர எல்லாரும்தான் எடுக்கறாங்க, அன்னிக்கு தெருவுல நிக்கற ஒவ்வொரு கையிலயும் போன் மேல தூக்கித்தான் இருக்கும். இவரு மேலயே பாக்கல. கீழ சக்கரத்துக்கிட்ட முட்டுக்கட்டை போடறவங்க இருப்பாங்க பாருங்க, அவ்ளோ பெரிய தேர் திரும்பறதும் நிக்கறதும் அவங்க கையிலதான், கட்டைய சரியான நேரத்துல செருகணும், கைய எடுக்கணும். அவங்கள எடுத்தாரு. வேர்வை, தலைல கட்டின துண்டு, கட்டைல எண்ணெய்க்கறை, பின்னாடி மங்கலா வடம் இழுக்கற ஜனம். நாலு பேரு படம். அத கடை வாசல்ல 12க்கு 18 பிரேம் போட்டு மாட்டினோம், பிரிண்ட்ட அவங்க வீட்டுல கொண்டுபோய் குடுத்தோம். அடுத்த வாரம் அதுல ஒருத்தரு குடும்பத்தோட வந்து வாசல்ல நின்னு பாத்தாரு, ஒண்ணும் வாங்கல, பேரனுக்கு காமிச்சிட்டு போனாரு. அந்தப் பையன் வாசல்ல நின்னு அவ்ளோ நேரம் பாத்தான், எனக்கு இன்னும் கண்ணுல இருக்கு.

ரெண்டாவது ஈயம் பூசற பெரியவரு. எங்க கடைக்கு ரொம்ப வருஷமா ஈயம் பூசித் தர்றவரு, நான் சின்னப் பையனா இருந்தப்பலேந்து பாக்கறேன், ஆனா ஒரு போட்டோ கூட எடுத்ததில்ல, தோணவே இல்ல. பித்தளைப் பாத்திரத்துல புளிக்குழம்பு வச்சா களிம்பு ஏறும், அதனால உள்பக்கம் ஈயம், அதாவது வெள்ளீயம், பூசுவோம், இது நம்ம வயசுக்காரங்க வரைக்கும் தெரியும், அடுத்த தலைமுறைக்கு தெரியாது. பாத்திரத்த கரி அடுப்புல வச்சு, துருத்தி போட்டு, நல்லா சூடு ஏறினதும் நவச்சாரத் தூள தூவி ஈயத்த தேச்சு துணியால ஒரு சுத்து சுத்துவாரு, அந்த நேரத்துல குபுக்குன்னு வெள்ளைப் புகை எழும்பும், ரெண்டு மூணு செகண்டுதான். ஸ்டுடியோ தம்பி அந்த ரெண்டு செகண்டுக்காக காலைல எட்டு மணிலேந்து பதினொண்ணு வரைக்கும் உக்காந்திருந்தாரு. எட்டு பாத்திரம் போச்சு, ஒன்பதாவதுல கிடைச்சுது. கூரை ஓட்டைல வர்ற வெயில் அந்தப் புகைல கோடா விழுது, நடுவுல பெரியவரு முகம் பாதி.

அத போட்ட அன்னிக்கு ஸ்டேட்டஸ்ல வந்த பதில்கள நான் அழிக்காம வச்சிருக்கேன். சென்னைலேந்து, பெங்களூர்லேந்து, சிங்கப்பூர்லேந்து நம்ம ஊர்க்காரங்க, எங்க அம்மாவோட அண்டா பரண்ல இருக்கு, அந்த ஐயா இன்னும் பூசறாரான்னு கேட்டு. அந்த மாசம் மட்டும் பரண்லேந்து எறங்கி எங்க கடைக்கு வந்த பாத்திரம் முப்பதுக்கு மேல இருக்கும். நான் அதுல வைக்கற லாபம் ஒண்ணும் பெருசு இல்ல, அது கேள்வியும் இல்ல. பெரியவருக்கு வேலை நின்னுபோய் மாசத்துல பாதி நாள் சும்மா உக்காந்திருந்தாரு, இப்ப அப்படி இல்ல. அந்த பிரிண்ட் அவரு வீட்டுல சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டியிருக்கு.

நாச்சியார்கோயில் குத்துவிளக்கு பட்டறைக்கும் கூட்டிட்டு போனேன், திருவாரூர் ரோட்டுல போனா பக்கம்தான். அன்னம், தண்டு, அடிப்பாகம் எல்லாம் தனித்தனியா மண்ணுல வார்த்து, கடைசல் போட்டு, மரை வெட்டி ஒண்ணோட ஒண்ணு முறுக்கி சேக்கறாங்கன்னு வாடிக்கையாளர்ல பாதி பேருக்கு தெரியாது. இப்ப விளக்கு காட்டும்போது பக்கத்துலயே இந்தப் படத்தையும் காட்டறேன், இது வார்த்தவரு இவருதான்னு. விலை ஏன் இவ்ளோன்னு கேக்கறது நிஜமாவே குறைஞ்சிருக்கு.

இப்ப குறை. ஆடிப்பெருக்கு அன்னிக்கு காவிரி படித்துறைக்கு ஸ்டுடியோ தம்பி போனாரு. அன்னிக்கு எப்படி இருக்கும்னு தெரியும்ல, காதோலை கருகமணி, மஞ்சக்கயிறு, காப்பரிசி, முளைப்பாரி, புதுசா கல்யாணம் ஆனவங்க, படி முழுக்க ஜனம். வந்த படங்கள்ல ஒரு படம் ரொம்ப அழகா இருந்துச்சு, கயிறு கட்டிக்கிட்டு நிக்கற ஒரு பொண்ணு, பின்னாடி தண்ணி மின்னுது. அந்தப் படத்துல ஓரமா ரெண்டு அம்மா குளிச்சிட்டு ஈரப் புடவையோட கரையேறிட்டிருந்தாங்க. நான் கவனிக்கல, தம்பியும் கவனிக்கல, யாருகிட்டயும் கேக்கவும் இல்ல, நேரா கடை பேஜ்ல போட்டாச்சு. அன்னிக்கு சாயந்திரம் அதுல ஒரு அம்மாவோட மகன் கடைக்கே வந்துட்டாரு. கத்தல. "அண்ணே, எங்க அம்மா அழறாங்க, எடுத்துடுங்க"ன்னு மட்டும் சொன்னாரு. உடனே எடுத்தோம், வீட்டுக்குப் போய் மன்னிப்பு கேட்டேன், ஆனா அதுக்குள்ள எத்தன பேரு பாத்திருப்பாங்க, எத்தன பேரு சேவ் பண்ணியிருப்பாங்க, அத எப்படி திருப்பி எடுக்கறது. இன்னிக்கும் அந்தத் தெரு வழியா போனா எனக்கு மனசு கனமாத்தான் இருக்கு.

ஸ்டுடியோல இதுக்கு ஒரு முறையே அதுவரைக்கும் இல்ல, அதுதான் என் குறை. பொது எடம்தானே, எடுக்கலாம்னு நெனப்பு. அதுக்கப்புறம் நானும் அவரும் உக்காந்து பேசி வச்சது இது: முகம் தெளிவா தெரியற யாரா இருந்தாலும் படத்த அங்கயே கேமரால காமிச்சு, எந்தக் கடைக்கு, எங்க போடப்போறோம்னு சொல்லி, சரின்னு சொன்னாத்தான் போடறது. குளிக்கற படித்துறை பக்கம் கேமராவே திரும்பக் கூடாது. சின்னப் பிள்ளைங்கன்னா அப்பா அம்மாகிட்ட. பேரு போன் நம்பர் குறிச்சுக்கிட்டு பிரிண்ட் குடுக்கணும். கோயிலுக்குள்ள போன் கூடாதுன்னு 2022 டிசம்பர்ல மதுரை ஹைகோர்ட் பெஞ்ச் உத்தரவு போட்டதுலேந்து உள்ள எடுக்கற பேச்சே இல்ல, வெளி வீதியோட நிறுத்திக்கறோம். அதுக்கப்புறம் இத்தன மாசத்துல ஒரு புகார் கூட வரல. படம் எண்ணிக்கை 40லேந்து 25க்கு வந்துச்சு, எனக்கு அதுவே போதும்.

இன்னும் சின்னச் சின்னக் குறை உண்டு. அஞ்சு நாள்ல தர்றேன்னு சொல்வாரு, முகூர்த்த மாசம்னா பன்னண்டு நாள் ஆகும், கல்யாண ஆர்டர் வந்துட்டா நம்மள பின்னாடி தள்ளிடுவாங்க. கலர் கொஞ்சம் தூக்கலா வைப்பாரு, வெத்தலைக் கொடிக்கால்ல எடுத்த படம் பாத்தா வெத்தலை பச்சை பெயின்ட் அடிச்ச மாதிரி இருந்துச்சு. நம்ம கொழுந்து வெத்தலை அந்தக் கலர்ல இருக்காது, கொஞ்சம் இளசா வெளிறித்தான் இருக்கும், ஊர்க்காரன் பாத்தா உடனே பொய்னு தெரிஞ்சிடும். சொன்னா திருத்திக் குடுப்பாரு, ஆனா ஒவ்வொரு தடவையும் சொல்ல வேண்டியிருக்கு.

படத்த வாட்ஸப்ல வாங்காதீங்க, சாதாரணமா அனுப்பினா சைஸ் சுருங்கிடும், ஸ்டேட்டஸுக்கு ஓகே, பிரேமுக்கு ஆகாது. 12க்கு 18 நல்லா வரணும்னா 3,600க்கு 5,400 பிக்சல், கிட்டத்தட்ட 20 மெகாபிக்சல் வேணும், அதனால டிரைவ்லயோ பென்டிரைவ்லயோ ஒரிஜினல கேட்டு வாங்குங்க. இன்னொண்ணு, காசு குடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு வேற ஒப்பந்தம் இல்லன்னா காப்பிரைட் எடுக்கச் சொன்னவருக்குத்தான்னு 1957 சட்டத்துல இருக்கு, நிறைய ஸ்டுடியோவுக்கும் தெரியாது கடைக்காரருக்கும் தெரியாது. நாங்க ஒரு பேப்பர்ல எழுதிக்கிட்டோம், கடை எங்க வேணா போடலாம், ஸ்டுடியோ அவங்க வேலைன்னு காமிச்சுக்கலாம், மூணாவது ஆளுக்கு விக்கறதா இருந்தா ரெண்டு பேரும் சம்மதிக்கணும்.

காசு குடுத்ததுக்கு பலன் எதுலன்னு கேட்டா, நான் காலண்டர்னு சொல்வேன். வருஷா வருஷம் கடை பேர் போட்டு சாமி படக் காலண்டர்தான் குடுப்போம், சிவகாசில ஆடிப்பெருக்கு அன்னிக்கே அடுத்த வருஷ ஆல்பம் வந்துடும், அதுல ஒரு நம்பர செலக்ட் பண்ணி ஆர்டர் போட்டா முடிஞ்சுது, அதே முருகர் நாலு கடைக் காலண்டர்ல இருப்பாரு. இந்தத் தடவை சாமி படம் கேக்கறவங்களுக்கு அதுவும் அடிச்சோம், கூட 500 மட்டும் மாசக் காலண்டர், பன்னண்டு பக்கத்துக்கு பன்னண்டு ஊர்ப் படம். முட்டுக்கட்டைக்காரங்க சித்திரைக்கு வர்ற ஏப்ரல்ல, ஆத்துல புதுத்தண்ணி வர்ற படம் ஆடிக்கு, ஈயம் பூசற பெரியவரு அக்டோபர்ல, தீபாவளிக்கு முன்னாடி பாத்திரம் எறங்கற மாசம்னு. கீழ எங்க கடை பேரு சின்னதா, படத்துல இருக்கறவங்க பேரு அவங்க சம்மதத்தோட அத விட பெருசா. 500ம் பொங்கலுக்கு முன்னாடியே தீந்துபோச்சு. ஜனவரி முடிஞ்சும் அந்தப் பக்கத்த கிழிக்காம வச்சிருக்காங்கன்னு ஒரு டீக்கடைல பாத்தேன், ஏன்னு கேட்டா அதுல இருக்கறது அவரு மாமனாராம்.

யாருக்கு இந்த சர்வீஸ் சரியா வரும்னா, ஒரே எடத்துல பல வருஷமா இருக்கற கடை, வர்றவங்க மூஞ்சி தெரிஞ்ச கடை. மாசத்துல ரெண்டு நாள் நீங்களோ உங்க வீட்டு ஆளோ கூடவே போகணும், அத மட்டும் மனசுல வச்சுக்குங்க. நான் போகாத சுத்துல வந்த படம் எல்லாம் அழகா இருந்துச்சு, ஆனா அதுல இருக்கறவங்க யாருன்னு எனக்கு தெரியல, பிரிண்ட் குடுக்கவும் போக முடியல, அந்தப் படத்துக்கு ஒரு பதிலும் வரல. புதுசா கடை போட்டு மூணு மாசத்துல சேல்ஸ் ஏறணும்னு பாக்கறவங்களுக்கு 6,500 வேற எதுலயாவது போடறது நல்லது.

அஞ்சுக்கு நாலு குடுப்பேன். ஒண்ணு படித்துறைக்காக குறைச்சது.

நாங்க ரெண்டாவது வருஷத்துக்கும் சொல்லிட்டோம். அடுத்த மகாமகம் 2028ல வருது, அதுக்கு இப்பலேந்தே ஒரு வேலை ஆரம்பிச்சிருக்கோம். 1980, 1992, 2004, 2016, இந்த நாலு மகாமகத்துல உங்க வீட்டுக்காரங்க குளத்தங்கரைல, ஏதாவது படித்துறைல, ஸ்டேஷன்ல, எங்கயாவது நின்னு எடுத்த போட்டோ இருந்தா பரண்ல தேடிப் பாருங்க. கடைக்கு எடுத்துட்டு வந்தா ஸ்டுடியோ தம்பி சனிக்கிழமை காலைல ஸ்கேனரோட இங்கயே உக்காந்திருப்பாரு, உங்க கண்ணு முன்னாடியே ஸ்கேன் பண்ணிட்டு ஒரிஜினல உடனே கையில குடுத்துடுவோம், மங்கிப்போனத சரி பண்ணி புது பிரிண்ட் ஒண்ணும் தருவோம், காசு வேணாம். இதுவரைக்கும் பதினோரு வீட்டுலேந்து வந்திருக்கு.