டொயோட்டா 86: சூப்பர்சார்ஜரா, டர்போவா?

2012-இல் வெளிவந்த டொயோட்டா 86 காரின் 2.0 லிட்டர் பாக்ஸர் (பிஸ்டன்கள் எதிரெதிராகக் கிடைமட்டமாக இயங்கும்) என்ஜின் 7,000 ஆர்.பி.எம்.மில் (நிமிடச் சுழற்சியில்) 200 குதிரைத்திறன் தந்தாலும், 4,000 ஆர்.பி.எம்.மை ஒட்டி அதன் முறுக்குவிசை சட்டென்று தொய்வதை ஓட்டுபவரின் கால் உடனே உணர்ந்துவிடும். இதைச் சரிசெய்ய, என்ஜினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தித் தரும் சூப்பர்சார்ஜரையோ டர்போவையோ பொருத்தலாம். என்ஜினின் கிராங்க் தண்டிலிருந்து பெல்ட் வழியாகச் சுழலும் ரூட்ஸ் வகை (இரு சுழலிகளால் காற்றைத் தள்ளும்) சூப்பர்சார்ஜர், ஆக்ஸிலரேட்டரை மிதித்த மாத்திரத்தில் காற்றை அழுத்தி அந்தப் பள்ளத்தை நிரப்புகிறது. ஆனால், அதைச் சுழற்றவே என்ஜினின் ஆற்றலில் ஒரு பங்கு போய்விடுகிறது. வீணாகும் புகையின் வேகத்தில் சுழலும் டர்போவால் கூடுதல் ஆற்றலைப் பெறலாம் என்றாலும், அது சற்றுத் தாமதித்தே வரும். அதைப் பொருத்தப் புகைக்குழாய்களை மாற்றி, எண்ணெய்க் குழாய்களையும் புதிதாக இழுக்க வேண்டும். எதைப் பொருத்தினாலும், 12.5:1 என்ற உயர்ந்த அமுக்க விகிதத்தால் (பிஸ்டன் எத்தனை மடங்கு அமுக்குகிறது என்ற அளவு) காற்றழுத்தத்தை அடக்கியே வைக்க வேண்டியிருக்கும். இல்லையேல் நாக்கிங் (எரிபொருள் கலவை கட்டுப்பாடின்றித் தானே வெடிப்பது) ஏற்பட்டு பிஸ்டனைப் பதம் பார்த்துவிடும். வளைவுகள் நிறைந்த மலைச்சாலைக்கென்றால் நான் சூப்பர்சார்ஜரையே தேர்ந்தெடுப்பேன்.